உறையும் உறைமோரும்

கேள்வி: நண்பர்களோடு மூன்று நாள் தாய்லாந்தின் ஹாட்யாய் போகிறேன். உறை கைவசம் இருக்கிறது. அது போதும்தானே?
- பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: உறை என்று எழுதி என் வாயைக் கிளறிவிட்டீர். கத்திக்கு உறை, தலையணைக்கு உறை, மொய்ப் பணத்துக்கும் உறை. பாலில் துளி மோர் விட்டால் உறை ஊற்றுவது. மண்ணில் வளையம் இறக்கினால் உறைகிணறு. இதற்கெல்லாம் முகம் சுளிக்காத ஈப்போ வாசகர் ஒருவர், முன்னால் 'ஆண்' வந்து ஒட்டியதும் சந்தாவை நிறுத்திவிட்டார். நம் பாட்டிமார் தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரத்துப் பால்தான் ஐயா அது! ஷீட் போட ஆசிட் ஊற்றி உறைய வைப்பார்கள். ஆணுறை செய்ய அம்மோனியா கலந்து உறையாமல் காப்பார்கள். உறையாத பாலில்தான் உறை.

சரி, உங்கள் 'கைவசம்'. பர்ஸ்வசம் என்றால் தூக்கிப் போடுங்கள். பின்பாக்கெட்டுச் சூட்டிலும் உட்காரும் அழுத்தத்திலும் ரப்பர் இற்றுப்போகும். வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டும் அப்படித்தான். காலாவதித் தேதி பாருங்கள். பொட்டலத்தை விரலால் அழுத்தினால் உள்ளே காற்று நகர வேண்டும். பல்லால் கிழிக்க வேண்டாம். நுனியைக் கிள்ளிப் பிடித்து மாட்டுங்கள். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்று எடுங்கள். முடிந்ததும் விறைப்பு அடங்கும் முன்பே அடியைப் பிடித்தபடி வெளியே எடுக்காவிட்டால், உறை உள்ளேயே தங்கிவிடக்கூடும்.

அடுத்து, இந்தப் பக்கத்தின் பழைய பகையாளி: தேங்காய் எண்ணெய். சொறி, சிரங்கு, ஞாபகமறதி எல்லாவற்றுக்கும் அதையே தடவும் அன்பர்களே, இங்கே மட்டும் கை வைக்காதீர்கள். எண்ணெய் பட்ட லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால் உறை, நிமிடக் கணக்கில் வலுவிழக்கும். வாசலினும் பேபி ஆயிலும் அதே ஜாதி. வழவழப்புக்கு நீரில் செய்த ஜெல், அல்லது சிலிகான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டினால் இரட்டைக் காவல் இல்லை, உரசிக் கிழியும்.

போதுமா என்றால், போதாது. உறை மூடாத தோல் வழியே சிபிலிஸ், ஹெர்பீஸ் போன்ற பால்வினை நோய்கள் தொற்றும். உறவில் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி வழக்கமாக 6 மாதத்தில் 3 ஊசி. வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவதற்குள் முடிகிற காரியமில்லை. உறை கிழிந்தால் ஹெச்.ஐ.வி.யைத் தடுக்க 'பெப்' மாத்திரை உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்த முந்த நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் ஹாட்யாய் ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். அங்கே கடிகாரம் நம் மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதை அந்த 72 மணி நேரத்தின் மிச்சக் கணக்கில் சேர்க்காதீர்கள். மருந்துக்கடையில் ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக்கை வாங்கி விழுங்கிவிட்டும் வராதீர்கள். கொனோரியா என்ற பால்வினை நோய் இப்போது பல மருந்துகளுக்கு மசிவதில்லை. வலிக்காத புண் சுமார் 3 வாரத்தில் வந்து தானே ஆறினால், ஆறியது புண்தான், உள்ளே இருக்கும் சிபிலிஸ் ஆறவில்லை. ஹெச்.ஐ.வி.க்கு ஆய்வகத்தில் ரத்தம் கொடுப்பது சம்பவத்துக்கு 45 நாள் கழித்து.

ஈப்போக்காரரே, அடுத்த கண்டனத்தையும் உறையில் போட்டுத்தான் அனுப்பியாக வேண்டும்.