அரிசி விலையும் ஓட்டுச் சீட்டும்

கேள்வி: 1967 தேர்தலில் காங்கிரசைத் தோற்கடித்தது அரிசிப் பஞ்சமா, மேடைப் பேச்சும் சுவரொட்டியுமா? எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பஞ்சம் பேச்சால் உண்டானதன்று. 1965, 1966 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்து, அமெரிக்கக் கப்பல் கோதுமையை எதிர்பார்த்திருந்த காலம் அது. ஆனால், தட்டுப்பாட்டுக்கு யாரைக் கேட்பது என்பதை முடிவு செய்தவை மேடையும் சுவரும்தான். ‘காமராஜ் அண்ணாச்சி, கடலைப்பருப்பு விலை என்னாச்சு? பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?’ என்ற முழக்கத்தில் புள்ளிவிவரம் ஏதுமில்லை. காலையில் மளிகைக் கடையில் கேட்டு மலைத்த விலையை ஒரு தலைவரின் பெயரோடு முடிச்சுப் போடுகிறது, அவ்வளவே. எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்லிவிடலாம்.

‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்பது இன்னும் சாமர்த்தியமானது. வாக்குறுதி ஒரு படிக்குத்தான். காதில் தங்கியதோ மூன்று படி. ஆட்சிக்கு வந்த அண்ணா அந்த ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். மாநிலம் முழுவதற்கும் கொண்டுசெல்ல நிதி இடம் கொடுக்கவில்லை. (சுடப்பட்டு மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆரின் கழுத்துக்கட்டுப் படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டதையும் மறக்க வேண்டாம். அதற்கும் அரிசிக்கும் தொடர்பே இல்லை.)

இருந்தாலும் உங்கள் வழக்கில் மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் சுமார் 41 விழுக்காடு வாக்கு பெற்றது, தி.மு.க. அதைவிடச் சற்றுக் குறைவாகவே பெற்றது, ஆனால் குறைவான தொகுதிகளில் நின்று. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்டுகள் வரை ஓரணியில் திரண்டதால் எதிர்ப்பு வாக்குகள் சிதறவில்லை. அரிசி ஒன்றே ஆட்சியை மாற்றியது என்ற கதையில் பாதி, பிற்காலப் பத்திரிகைகள் எழுதி எழுதி நிலைநாட்டியது என்பது என் கருத்து.

கேள்வி: வானொலி அரசின் கையில்தானே இருந்தது? அது ஏன் ஆளுங்கட்சிக்குக் கைகொடுக்கவில்லை? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஒருமுறை கைகொடுத்தது. 1965இல் பிரதமர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை உணவைத் தவிர்க்கக் கேட்டபோது, திங்கள் மாலைகளில் உணவகங்களே கதவடைத்தன. போர்க்காலத்தில் கேட்டவர் மீது மக்களுக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் உணவு நிலைமை சீராக இருப்பதாக இரவில் செய்தி கேட்டவர், விடிந்ததும் பையோடு ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டியிருந்தால், எந்தச் செய்தி எடுபடும்? தேர்தல் நேரத்தில் கட்சிகள் வானொலியில் பேசும் வாய்ப்பே 1977இல்தான் வந்தது. அதனால் எதிர்க்கட்சிகள் தங்கள் முழு பலத்தையும் தெருமுனைக் கூட்டங்களிலும் சுவர்களிலும் கட்சி ஏடுகளிலும் இறக்கின.