ரீச்சரைக் கேளுங்கள்: கடைவாய்ப் பல்லும் புல்மோட்டை மண்ணும்

இந்தமுறை தபாலில் வந்த கேள்விகளில் பாதி பல்லைப் பற்றியவை. திருகோணமலையில் இத்தனை பேருக்குப் பல்வலி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. மிச்சம் மின்சாரம், அடைவு, சுடுதண்ணீர். வந்த ஒழுங்கில் அல்ல, எனக்குப் பிடித்த ஒழுங்கில் பதில் சொல்கிறேன்.

கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து, மேலே சிர்கோனியா மூடி போடவேண்டும் என்கிறார் பல் வைத்தியர். விலையைக் கேட்டதும் பல்வலியே மறந்துவிட்டது. இது புல்மோட்டை மண்ணில் செய்கிற சாமான்தான் என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். உண்மையா? தங்கத்தை விட இது உசத்தியா?
(வாசகி, உவர்மலை)

உங்கள் தம்பி முக்கால்வாசி சரி. சிர்கோனியா என்பது சிர்கோனியம் உலோகத்தின் ஒட்சைட்டு. அந்த உலோகம் சிர்கோன் என்ற கனிமத்தில் இருக்கிறது. சிர்கோன் நிலாவெளி, குச்சவெளி, திரியாய் எல்லாம் தாண்டிப் போனால் வரும் புல்மோட்டைக் கரையில் கிடக்கிறது. ஆனால் உங்கள் வாய்க்குள் போகப்போவது அந்த மண்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. சிர்கோன் சந்தையில் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும்தான் பெரிய கைகள். நாங்கள் சின்னக் கை.

புல்மோட்டைக் கறுப்பு மண்ணை அள்ளிப் பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். வெள்ளை மணல் தண்ணீரை விட 2.65 மடங்கு அடர்த்தி. அதிலுள்ள இல்மனைட் என்ற கறுப்புக் கனிமமும் சிர்கோனும் 4.6, 4.7 என்று போகும். அலை திரும்பும்போது இலேசான மணலை இழுத்துக்கொண்டு போகிறது, பாரமானது கரையில் தங்குகிறது. சுளகில் அரிசி புடைப்பது போல வாடைக்காலக் கடல் செய்து வைத்த வேலை அது.

படிப்பித்த காலத்தில், பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில் இருந்து கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இந்த மண்ணுக்கு மேலே பிடிக்கச் சொல்வேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற காந்தம் இதற்குக் காணாது. பலமான காந்தம் என்றால் கறுப்பு மணிகள் எழும்பிப் பையில் ஒட்டும், அதுதான் இல்மனைட். பையை உட்புறம் வெளியாகத் திருப்பினால் மண் முழுவதும் பைக்குள் வந்துவிடும். பை இல்லாமல் காந்தத்தை மண்ணுக்குள் விட்ட பிள்ளை பாடம் முடியும்வரை அதைத் துடைத்துக்கொண்டே இருக்கும். பிறகு கடதாசியில் மிஞ்சுவது ரூட்டைல் என்ற இன்னொரு கனிமம், சிர்கோன், கொஞ்சம் சாதாரண மணல். தொழிற்சாலையில் ரூட்டைலையும் சிர்கோனையும் மின்சாரத்தால் பிரிக்கிறார்கள். சுழலும் உருளையில் மணிகளை விட்டு மின்னேற்றம் கொடுத்தால், மின்னைக் கடத்தும் ரூட்டைல் ஏற்றத்தை இழந்து துள்ளி விழும். கடத்தாத சிர்கோன் உருளையோடு ஒட்டிக்கொண்டு போகும். 1957 இல் அங்கே அரச கனிய மணல் கூட்டுத்தாபனம் வந்ததிலிருந்து தொழில் நடக்கிறது. (காந்தத்தோடு இன்றைக்கே வெளிக்கிடுகிற தம்பிமாருக்கு: ஒரு தேக்கரண்டி மண் போதும். சாக்கில் அள்ளினால் அது சட்டப்படி வேறு விவகாரம்.)

சரி, பல்லுக்கு வருவோம். தூய சிர்கோனியாவைச் சுட்டு ஆறவிட்டால் அது தானாகவே வெடித்துப் போகும். ஆறும்போது பளிங்கின் அமைப்பு மாறி, கனவளவு 4 வீதமளவில் கூடுவதுதான் காரணம். இற்றியம் ஒட்சைட்டு போன்ற ஒன்றைக் கொஞ்சம் கலந்தால், சூட்டில் இருந்த அமைப்பே ஆறிய பிறகும் நிலைக்கும். 1975 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் மூவர் ஓர் அதிசயத்தைக் காட்டினார்கள். இப்படி நிலைப்படுத்திய பொருளில் ஒரு வெடிப்புத் தொடங்கினால், வெடிப்பின் நுனியில் உள்ள மணிகள் அந்த நிமிடமே அமைப்பு மாறி வீங்குகின்றன. வீங்கி, வெடிப்பையே நெரித்து மூடப் பார்க்கின்றன. பீங்கான் இனத்தில் பிறந்த ஒன்று பலாக்கொட்டையும் முறுக்கும் கடிக்கும் வாயில் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

மூடி செய்வதும் பார்க்க வேண்டிய வேலை. முழுதாகச் சுடாத மென்மையான வெள்ளைக் கட்டியில் இயந்திரம் உங்கள் பல்லின் வடிவத்தைச் செதுக்கும், ஆனால் பெரிதாக. 1,500 பாகை அளவில் சூளையில் வைத்தால் அது நாலாபக்கமும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் செதுக்குவதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், மண்ணுக்கு அல்ல. மண்ணை நாங்கள் மண்ணாகவே கப்பலில் ஏற்றிவிட்டு, கட்டியை டொலர் கொடுத்து இறக்குகிறோம். எனக்கு ஆத்திரம் வரும் இடம் இது.

தங்கத்தை விட உசத்தியா என்றால், வலிமையில் ஆம். எதிர்ப் பல்லைத் தேய்க்காமல் விடுவதில் தங்கம் நல்ல பேர் எடுத்தது. நன்றாக மினுக்கிய சிர்கோனியாவும் எதிர்ப் பல்லை அதிகம் தேய்ப்பதில்லை, சொரசொரப்பாக விட்டால் தேய்க்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. ஆகவே மூடியைப் பொருத்தியபின் கடி உயரம் என்று வைத்தியர் அதை உரசினால், "உரசிய இடத்தைத் திரும்ப மினுக்கி விடுங்கோ" என்று வாய் திறந்து கேளுங்கள். அந்த நேரத்தில் வாய் எப்படியும் திறந்துதான் இருக்கும்.

அந்த மண்ணில் கதிரியக்கம் இருக்கிறதாமே? அப்படியென்றால் பல் மூடியிலும் இருக்குமா?
(மாணவன், நிலாவெளி)

மண்ணில் உண்டு. அதிலுள்ள மொனசைட் என்ற கனிமத்தில் தோரியம், சிர்கோனில் மிகச் சிறிதளவு யுரேனியம். மேற்கு அவுஸ்திரேலியாவில் எடுத்த ஒரு சிர்கோன் மணிக்கு 440 கோடி வயது என்று கணக்கிட்டதே அந்த யுரேனியத்தை வைத்துத்தான். மருத்துவத்துக்குப் போகும் சிர்கோனியாவைச் சுத்திகரித்து, இவ்வளவுக்கு மேல் கதிரியக்கம் கூடாது என்ற சர்வதேசத் தரத்துக்குள் கொண்டுவந்துதான் விற்க வேண்டும். அக்காவின் பல்லைப் பார்த்துப் பயப்படாதேயும்.

அமெரிக்காவில் சூரியனையே ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, கொடுத்த சக்தியை விடக் கூட எடுத்துவிட்டார்களாம். சம்பூருக்கு நிலக்கரி என்றார்கள், பிறகு சோலர் என்றார்கள். இதுவும் வந்தால் கரண்ட் பில் குறையுமா?
(வாசகர், சம்பூர்)

எடுத்தது உண்மை. சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவுதான் அது. 2022 டிசம்பர் 5 ஆம் திகதி, கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 192 லேசர்க் கற்றைகளை ஒரு சின்னஞ்சிறு எரிபொருள் குளிகையில் குவித்தார்கள். உள்ளே போனது 2.05 மெகாயூல், வெளியே வந்தது 3.15 மெகாயூல். இப்போது உங்கள் மின்பட்டியலை எடுங்கள். அதிலுள்ள ஒரு யூனிட் என்பது 3.6 மெகாயூல். அதாவது உலகமே கைதட்டிய அந்த விளைச்சல் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. லேசர்களை இயக்க மின்சாரமாக இழுத்ததோ ஏறக்குறைய 300 மெகாயூல், 83 யூனிட். 2025 இல் விளைச்சலை 8.6 மெகாயூல் வரை உயர்த்தியிருக்கிறார்கள். அதுவும் இரண்டரை யூனிட்டுக்கு உள்ளேதான்.

இயற்பியலாக இது பெரிய வெற்றி, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஊரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது 2016 இல், 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்தின் கட்டுமான வேலையைத் தொடக்கி வைத்தது 2025 ஏப்ரலில். பில் குறைவதென்றால் அந்தப் பக்கமாகப் பாருங்கள்.

எங்கட உம்மா புகையிலையை விட்டு வருசக்கணக்காச்சு. வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும்தான். "புகையிலை இல்லாட்டி ஒண்டும் செய்யாது" என்கிறா. சரியா ரீச்சர்?
(வாசகர், கிண்ணியா)

சரியில்லை தம்பி. புகையிலையை விட்டது பெரிய காரியம், அதை உம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். அப்புறம் பாக்குக்கு வாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை கலந்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்று 1980களிலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டையும், தனிப் பாக்கையும் அதே முதலாம் பட்டியலில் சேர்த்தது 2004 இல். சிகரெட்டும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

2024 இல் அதே முகவரகத்தார் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2022 இல் உலகில் வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 3,89,800 பேர். அதில் 1,20,200 பேருக்கு வாயில் போடும் புகையிலை அல்லது பாக்கு காரணம். இலங்கையின் பங்கு சுமார் 1,300. இது மதிப்பீடுதான், ஆள் ஆளாக எண்ணியதல்ல. ஆனால் எங்கள் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பதற்கு வைத்தியசாலைப் பதிவுகளே சாட்சி.

உம்மாவோடு புள்ளிவிவரம் பேசி வெல்ல முடியாது, எனக்குத் தெரியும். ஒன்று செய்யுங்கள். மூன்று விரலை நிமிர்த்திச் சேர்த்து, முன்பற்களுக்கு நடுவே அவவையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் நார்நாராக இறுகி, வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகும் ஒரு நோய் உண்டு. மூன்று விரல் போகாவிட்டாலோ, முன்பு சாப்பிட்ட உறைப்பு இப்போது வாயை எரிக்கிறது என்றாலோ பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையாக ஆறாத புண் என்றாலும் அப்படித்தான். கல்யாண வீட்டுத் தட்டத்தில் வெற்றிலை வைப்பதை நான் குறை சொல்லவில்லை, அங்கே அது மரியாதை. தினம் ஐந்தாறு முறை கடைவாயில் அடக்குவதைத்தான் சொல்கிறேன்.

விதைப்புக் காலம் வந்தால் என் மனுசன் வட்டிக் கணக்கே பார்க்காமல் நகையை அடைவு வைத்துவிடுகிறார். அறுவடை முடிந்தபின் அவரே "ஏன் இப்படிச் செய்தேன்" என்கிறார். படித்த மனுசன்தான். இதற்கு விஞ்ஞானம் ஏதும் சொல்கிறதா?
(வாசகி, தம்பலகாமம்)

சொல்கிறது. அதுவும் தமிழ் விவசாயிகளை வைத்தே. 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சோதித்தார்கள். படத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிப்பது போன்ற சோதனைகள். அதே ஆள், அதே மூளை. ஆனால் கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய நாட்களில் குறைவாகச் செய்தார்கள். அறுவடைக்கு முன் 78 வீதமானவர்கள் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள், பின்னர் 4 வீதம். கரும்பை ஆலை சொல்கிற நாளில் வெட்ட வேண்டும் என்பதால் ஆளுக்காள் அறுவடை நாள் வேறு. ஆகவே வெயில், மழை, பண்டிகை என்று சாட்டுச் சொல்லவும் இடமில்லை. காசு யோசனையே தலையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு.

இதையே வேதவாக்காக எடுக்காதீர்கள். 2016 இல் அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது அப்படி வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இது முரணாகப் படவில்லை. வாராவாரமோ மாதாமாதமோ சம்பளம் வருவதும், போகத்துக்கு ஒருமுறை காசைக் காண்பதும் ஒன்றா? கந்தளாய்க் குளம் எப்போது திறப்பார்கள் என்று பார்த்திருக்கிற ஆளுக்கு அந்த வேறுபாடு விளங்கும்.

உங்கள் மனுசனைத் திருத்தப் போகாதீர்கள், முடிவெடுக்கும் நேரத்தை மாற்றுங்கள். பெரும்போக நெல் விற்ற காசு கையில் இருக்கும்போது, அடுத்த போகத்துக்கு எவ்வளவு தேவை, எங்கே எந்த வட்டிக்கு எடுப்பது என்று இருவரும் இருந்து எழுதி வையுங்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு என்று காதுக்கு இதமாகச் சொல்வார்கள். வட்டியைக் கட்டாமல் விட்டு, அது முதலோடு சேர்ந்து குட்டி போட்டால் வருடத்துக்கு 26.8 வீதம். அந்த இலக்கத்தையும் அதே தாளில் எழுதுங்கள்.

கன்னியா வெந்நீரூற்று சூடாக இருப்பது கீழே எரிமலை இருப்பதாலா?
(மாணவி, பாலையூற்று)

இல்லை மகள். இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழமாக இறங்கி, அங்கே சூடாகி மேலே வருகிறது. கீழே போகப் போக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25, 30 பாகை கூடும். ஏழு கிணறும் ஏழு சூடாக இருப்பது, வருகிற வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கூடக் குறையக் கலப்பதால் என்று நினைக்கலாம். இராவணன் கதையை அம்மம்மாவிடம் கேளும், அது அவவின் பாடம்.

எனக்கு வயது 72. கீழ்த்தாடையில் நாலு பல்தான் மிச்சம். ஜப்பானில் விழுந்த பல்லைத் திரும்ப முளைக்க வைக்கிற மருந்து கண்டுபிடித்திருக்கிறார்களாம். எனக்குக் கிடைக்குமா தங்கச்சி?
(வாசகர், மூதூர்)

அண்ணை, ஆள் இன்னும் வரிசையில் ஏறவே இல்லை. பல் முளைப்பதை அடக்கிவைக்கும் ஒரு புரதம் எங்கள் உடம்பில் உண்டு. அதைத் தடுத்தால் எலியிலும் பெரட் என்ற கீரிப்பிள்ளை மாதிரிப் பிராணியிலும் கூடுதல் பல் முளைத்தது என்று ஜப்பானியர் 2021 இல் காட்டினார்கள். மனிதரில் சோதனை 2024 இல் கியோத்தோவில் தொடங்கியது. எடுத்தது 30 முதல் 64 வயதுக்குள் உள்ள 30 ஆண்களை. அவர்களிடம் முதலில் பார்ப்பது பல் முளைக்கிறதா என்பதை அல்ல, மருந்து ஆளுக்குத் தீங்கு செய்கிறதா என்பதை. அது தேறினாலும் முதல் உரிமை பிறவியிலேயே பல் இல்லாத பிள்ளைகளுக்கு.

அதுவரை ஒரு நல்ல பல்செட் கட்டுங்கள். ஏற்கனவே இருந்தால், அதோடு படுக்காதீர்கள். ஜப்பானிலேயே 85 வயது தாண்டிய 524 பேரை மூன்று வருடம் கவனித்தபோது, பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நியூமோனியா வரும் வாய்ப்பு 2.3 மடங்கு கூட இருந்தது. இரவில் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். கீழ்ச்செட் ஆடுகிறது என்றால் அந்த நாலு பல்லையும் பிடுங்கச் சொல்லி அவசரப்படாதீர்கள். செட்டைப் பிடித்து வைத்திருக்க அவைதான் உதவி.