ஹிஸ்டோனும் டி.என்.ஏ.வும் தாமாகவே ஒட்டிக்கொள்ளுமே, இடையில் சாப்பரோன் புரதம் எதற்கு?

டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது, லைசின், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுந்த ஹிஸ்டோன் புரதங்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஆகவே இரண்டும் தாமாகவே சேரும் என்று கேள்வியில் கூறியிருப்பது சரிதான். சிக்கலே அந்த ஈர்ப்பில்தான் இருக்கிறது. உயிரணுவுக்குள் உள்ள உப்புச் செறிவில் இவற்றை நேரடியாகக் கலந்தால், கண்டபடி ஒட்டிக்கொண்டு வெள்ளையாகத் திரிந்து படிந்துவிடும். மாணவனாக இருந்தபோது அவசரப்பட்டு அப்படிக் கலந்து, ஒரு வாரம் பாடுபட்டுத் தூய்மைப்படுத்திய ஹிஸ்டோனை வீணாக்கியிருக்கிறேன். ஹிஸ்டோனைப் பற்றிக் கொண்டுசேர்க்கும் துணைப் புரதமான சாப்பரோன் இல்லாமல் நியூக்ளியோசோம், அதாவது ஹிஸ்டோன்களின் மீது டி.என்.ஏ. சுற்றிய அலகு, வேண்டுமென்றால், 2 மோலார் உப்புக் கரைசலில் தொடங்கி, பல மணி நேரம் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். உயிரணுவால் அது இயலாது.

1978-இல் ரான் லாஸ்கியின் குழுவினர், ஜெனோபஸ் தவளையின் முட்டையிலுள்ள நியூக்ளியோபிளாஸ்மின் என்னும் அமிலப் புரதம் ஹிஸ்டோன்களைப் பற்றி டி.என்.ஏ.விடம் சேர்ப்பதையும், சேர்த்தபின் தான் விலகிவிடுவதையும் காட்டினர். மூலக்கூறு சாப்பரோன் என்ற பெயர் முதலில் இதற்கே சூட்டப்பட்டது. தலைவனைச் சேட்படுத்தி, உரிய வேளையில் கூட்டி வைக்கும் அகப்பாடல் தோழிதான் எனக்கு நினைவுக்கு வருகிறாள்.

ஆனால் மின்னூட்டத்தை மறைப்பது மட்டுமே இவற்றின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. நியூக்ளியோசோமில் எச்3, எச்4, எச்2ஏ, எச்2பி என்னும் ஹிஸ்டோன்கள் இணை இணையாக இருக்கும். அவற்றுள் இரண்டு எச்3–எச்4 இணைகள், எச்3-களின் ஒரு முகம் வழியாக ஒன்றையொன்று பற்றியிருக்கும், ஏ.எஸ்.எஃப்.1 என்னும் சாப்பரோன் மிகச் சரியாக அந்த முகத்தையே மூடிக்கொள்வதால், அதன் பிடியில் இருக்கும்வரை ஓர் இணை மற்றோர் இணையுடன் சேர முடிவதில்லை. பின்னாளில் எச்2ஏ-வைத் தொட வேண்டிய எச்4-இன் வால்முனையும் இப்போது ஏ.எஸ்.எஃப்.1 மீதே ஒட்டியிருக்கும். டி.என்.ஏ. நகலெடுக்கப்படும் இடத்தில், பி.சி.என்.ஏ. என்னும் புரத வளையத்தைப் பற்றி நிற்கும் காஃப்-1 என்னும் மற்றொரு சாப்பரோன் இந்த இணையைப் பெற்றுக்கொள்கிறது. இரண்டு காஃப்-1-கள் ஆளுக்கோர் இணையைக் கொணர, நால்வர் குழு டி.என்.ஏ. மீது அமைகிறது. அதன் இருபுறமும் எச்2ஏ–எச்2பி இணைகள் பிறகு சேர, 147 கார இணைகள் ஏறத்தாழ 1.65 சுற்றாகச் சுற்றிக்கொள்கின்றன.

இக்கைமாற்றங்களுக்கு உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. செலவாவதில்லை, பிணைப்பு வலிமையின் ஏற்றத்தாழ்வே ஹிஸ்டோனை அடுத்த கைக்கு நகர்த்துகிறது. அமைந்த நியூக்ளியோசோம்களைச் சீரான இடைவெளியில் நகர்த்தி வைக்கத்தான் ஏ.டி.பி. தேவைப்படுகிறது, அந்த வேலையைச் செய்பவை வேறு புரதங்கள்.