லாரி எஞ்சின் சூடேறவில்லை: எந்த தெர்மோஸ்டாட் வாங்குவது?

கேள்வி: குமுளியில் குடியிருக்கிறேன். சொந்தமாக ஓர் ஆறு சக்கர லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். கம்பத்திலிருந்து காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு பீர்மேடு, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயம் போய் வருவது வழக்கம். சில மாதங்களாக டெம்பரேச்சர் மீட்டரின் முள் நடுக்கோட்டுக்கு வருவதே இல்லை. முண்டக்கயம் இறக்கத்தில் அடிவரைக்கும் விழுந்துவிடுகிறது. டீசலும் கூடுதலாகச் செலவாகிறது. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கடையில் மூன்று விதம் காட்டினார்கள். ஒன்று கம்பெனிப் பெட்டியில் வருவது, 82 என்று பொறித்திருக்கிறது. இன்னொன்றில் 71 என்று இருக்கிறது. மலையேறும் வண்டிக்கு அதுதான் நல்லது, எஞ்சின் கொதிக்காது என்கிறார் கடைக்காரர். மூன்றாவதில் எண்ணே இல்லை. பாலித்தீன் உறையில் வருகிறது, விலை மிகவும் குறைவு. தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிவிட்டு ஓட்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: உங்கள் எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் குறித்த வெப்பநிலை 82 டிகிரி செல்சியஸ் என்றால் 82 பொறித்ததையே வாங்குங்கள். மலைப்பாதை என்பதற்காக அதைக் குறைக்கவும் வேண்டாம், எஞ்சின் இப்போது குளிர்ந்து ஓடுகிறதே என்பதற்காகக் கூட்டவும் வேண்டாம்.

ஆனால், பணம் கொடுப்பதற்கு முன் எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்துதான் ஓடுகிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். முள் கீழே நிற்பதற்குத் தெர்மோஸ்டாட் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. முதலில், வண்டி நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மட்டத்தைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் வெப்பத்தை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நின்று, எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதுகூடக் குறைந்த அளவையே காட்டக்கூடும். அந்த நிலையில் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு நிம்மதியாக மலையேறுவது ஆபத்து. சென்சாரோ அதன் ஒயரோ மீட்டரோ பழுதாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அடுத்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காலையில் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பக்கத்துக்குப் போகும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்; ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையையும் துணியையும் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் சரியாக மூடியிருந்தால் எஞ்சின் தலை சூடேறிய பின்னும் அந்த ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். எஞ்சினும் ஹோஸும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது என்று பொருள், அல்லது உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. பழைய வண்டியாக வாங்கியிருந்தால் இந்த இரண்டாவது சாத்தியத்தை லேசாக எண்ணாதீர்கள். ஒர்க்ஷாப்பில் இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூடான ஹவுசிங்கின் வெப்பத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் பிடித்தால் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கறுப்பு ரப்பர் ஹோஸின் மேலோ, கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ அளந்தால்தான் எண்ணை நம்ப முடியும்.

இனி 71 பற்றி. கடைக்காரர் சொல்வது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், தெர்மோஸ்டாட் செய்யும் வேலை அதுவல்ல. அதன் நடுவிலுள்ள சிறிய பித்தளைக் குடுவையில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. பொறித்த வெப்பநிலை வந்ததும் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ள, வால்வு திறக்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி ஏறும்போது முழுவதும் திறந்துவிடுகிறது. ஆகவே அந்த எண், எஞ்சின் எந்த வெப்பத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிறதே தவிர, எந்த வெப்பத்துக்கு மேலே ஏறக்கூடாது என்பதை அன்று. லோடு ஏற்றிக்கொண்டு லோயர் கேம்பிலிருந்து குமுளி மலையில் ஏறும்போது 71 பொறித்ததும் 82 பொறித்ததும் முழுவதும் திறந்தே நிற்கும். அந்த நேரத்தில் எஞ்சினைக் காப்பாற்றுவது ரேடியேட்டரின் சுத்தமும் வாட்டர் பம்பும் ஃபேனும்தான். ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கிறது என்றால் பணத்தை அங்கே செலவிடுங்கள்.

வேறுபாடு தெரிவது இறக்கத்தில். குட்டிக்கானத்திலிருந்து கியரில் பிடித்துக்கொண்டு இறங்கும்போது டீசல் எரிவது மிகக் குறைவு, வெப்பமும் அந்த அளவுக்குக் குறைவு. எஞ்சின் மட்டும் சுழல்கிறது, வாட்டர் பம்பும் கூடவே சுழல்கிறது, எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடிக்கிறது. நல்ல தெர்மோஸ்டாட் அப்போது மூடிக்கொண்டு, இருக்கும் சூட்டை எஞ்சினுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அப்படியும் நீண்ட இறக்கத்தில் முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. சமதரைக்கு வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் திரும்ப ஏற வேண்டும். உங்கள் வண்டியில் முள் அடிவரை விழுந்து, பிறகும் நடுவுக்கு வராததுதான் பழுதின் அடையாளம்.

குளிர்ந்து ஓடுவதால் என்ன கெட்டுவிடும் என்று பலரும் கேட்பார்கள். கொதித்த எஞ்சின் அன்றே நின்றுவிடும், குளிர்ந்து ஓடும் எஞ்சின் ஆண்டுக்கணக்கில் தேயும். அதனால்தான் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் முழுவதும் எரியாமல் சுவரில் படிந்து, அங்கே இருக்க வேண்டிய ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் சம்பில் போய்ச் சேர்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆவியாக வெளியேறாமல் நீராகி ஆயிலோடு கலந்து கசடாகிறது. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் டீசலில் கந்தகத்தின் அளவு 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரை மட்டுமே அனுமதி என்பதால் அமில அரிப்பு முன்போல் இல்லை. ஆனால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்வதும் ஆயில் நீர்த்துப்போவதும் மைலேஜ் குறைவதும் அப்படியே இருக்கின்றன. தெர்மோஸ்டாட்டை மாற்றும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, ஆயிலில் டீசல் வாடை அடித்தாலோ ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

கழற்றிவிட்டு ஓட்டும் யோசனையை முற்றிலும் ஒதுக்கிவிடுங்கள். பல டீசல் எஞ்சின்களின் தெர்மோஸ்டாட்டில் மேலே ஒரு வால்வும் அடியில் ஒரு சிறு தட்டும் இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அடித்தட்டு கீழிறங்கி பைபாஸ் துளையை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்து கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். இறக்கத்தில் தேவைக்கு மேல் குளிர்ந்து, ஏற்றத்தில் அதே வண்டி கொதிப்பதற்கு இதுவே காரணம். வாங்கும்போது இந்த அடித்தட்டு உங்கள் பழைய பாகத்தில் இருந்தால் புதியதிலும் இருக்கிறதா, அதே விட்டமும் அதே உயரமும்தானா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்பின் விட்டம் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் வாங்கிவிடக் கூடாது.

எண்ணில்லாத மூன்றாவது பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த வெப்பத்தில் திறக்கும் என்பதைச் சொல்லாத தெர்மோஸ்டாட்டை விலைக்கு வாங்குவதில் பொருளே இல்லை. பெட்டியில் அடைத்து விற்கும் பாகத்தில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின் கட்டாயம். இன்னொரு எச்சரிக்கை: பழைய பாகத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பிப் புதியதைக் கேட்காதீர்கள். முன்பு மாற்றியவரே தவறான எண்ணைப் போட்டிருக்கலாம். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கொடுத்து, கம்பெனி டீலரிடம் பாக எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கலாம். சில எஞ்சின்களில் இரண்டு தெர்மோஸ்டாட்டுகள் இருக்கும். அங்கே ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

வாங்கியதைப் பொருத்துவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் படாதபடி பிடித்துச் சூடேற்றிப் பாருங்கள். கூடவே ஒரு வெப்பமானி இருந்தால், பொறித்த எண்ணுக்கு ஓரிரு டிகிரி முன்பின்னாக வால்வு நகரத் தொடங்குவது தெரியும். நீங்கள் குமுளியில் இருப்பதால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். 82 பொறித்ததைச் சோதிக்க அது போதும். 88 பொறித்தது அங்கே முழுவதும் திறக்காமல் போனால் அதைக் குறை என்று எண்ணிவிடக் கூடாது.

பொருத்தும்போது கேஸ்கட்டையும் ரப்பர் சீலையும் புதிதாகப் போட வேண்டும். பழைய சீல் வழியாகக் கசியும் தண்ணீரே எஞ்சினைக் குளிர வைத்துவிடும். விளிம்பில் சிறு ஆணி ஆடும் துளை இருந்தால் அது காற்று வெளியேறுவதற்கானது. படுக்கைவாட்டில் அல்லாமல் நிறுத்திப் பொருத்தும் ஹவுசிங் என்றால் அந்தத் துளை மேற்பக்கம் வர வேண்டும். வடித்த கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதில் படியும் உப்பும் துருவும்தான் வால்வை மீண்டும் மூடவிடாமல் பிடித்து நிறுத்தும்.

கேள்வி: செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே சிறிய பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிக்கு உட்பட்ட) சரக்கு வண்டி ஓட்டுகிறேன். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்ததில் பி0128 என்று வந்தது. தெர்மோஸ்டாட் மட்டும் தனியாகக் கிடைக்காது, ஹவுசிங்கோடுதான் வாங்க வேண்டும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. பல புதிய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டும் ஹவுசிங்கும் ஒரே பாகமாகத்தான் வருகின்றன. உள்ளே இருப்பதை மட்டும் நெம்பி எடுத்து வேறொன்றைத் திணிக்கும் வேலைக்கு உடன்படாதீர்கள். பி0128 என்பது, தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய வெப்பத்தைக் கூலண்ட் எட்டவில்லை என்று எஞ்சின் கம்ப்யூட்டர் குறிக்கும் குறியீடு. அது தெர்மோஸ்டாட்டை மட்டுமே குற்றம் சாட்டுவதில்லை; கூலண்ட் குறைவும் சென்சார் பழுதும் அதே குறியீட்டைக் கொண்டுவரலாம் என்பதால் மட்டத்தைப் பார்த்த பிறகே பாகத்துக்குப் பணம் கொடுங்கள். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். எஞ்சின் போதிய சூடு பெறாவிட்டால் புகைவடிகட்டியில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலை தடைப்படும். அடைத்துப்போன புகைவடிகட்டியின் விலைக்கு முன்னால் தெர்மோஸ்டாட்டின் விலை மிகச் சிறியது.

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். என் ஒரே லாரிக்குக் கோட்டயத்தில் தெர்மோஸ்டாட் வாங்கினேன், பில் இருக்கிறது. தண்ணீரில் போட்டுப் பார்த்தால் பச்சைத் தண்ணீரிலேயே வால்வு திறந்து நிற்கிறது. மாற்றித் தர மறுக்கிறார்கள். லாரி தொழில் வண்டி என்பதால் நான் நுகர்வோரே இல்லை என்றும், வழக்குப் போட வேண்டுமானால் கேரளத்துக்குத்தான் வர வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுமே தவறு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் அல்ல என்று விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் அதே 2(7)ஆம் பிரிவின் விளக்கம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்கிறது. ஒரே லாரியை வைத்துத் தானே ஓட்டிக் குடும்பம் நடத்துபவர் அந்த விளக்கத்தின் நிழலில் தாராளமாக நிற்கலாம். புகாரில் இந்த விவரத்தை வெளிப்படையாக எழுதுங்கள்.

அதே சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கைத் தொடரலாம். எனவே நீங்கள் தேனி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும், பில் தராமல் விற்பதும் 2(47)ஆம் பிரிவின்படி முறையற்ற வணிக நடவடிக்கைகள்.

முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேட்டு அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்குள் அந்தப் பாகத்தை எஞ்சினில் பொருத்திவிடாதீர்கள். பெட்டியோடும் பில்லோடும் அப்படியே வைத்திருங்கள். வால்வு திறந்து நிற்பதையும் அதில் பொறித்த எண்ணையும், பக்கத்தில் வெப்பமானி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.