தூசி சிவப்பா, சாம்பலா?

"புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். திரைச்சீலை மாட்டுவது, அலமாரி பொருத்துவது போன்ற சின்ன வேலைகளை நானே செய்ய நினைக்கிறேன். நம்பி வாங்கக்கூடிய கருவிகள் எவை, எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கம்பெனியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்று தெரியுமா? எனக்கு அது தெரியாததால் ஒரு மிஷின் புகைந்து போனது.

சென்னைக்குக் குடிவந்த புதிதில், தள்ளுபடி விற்பனையில் ஒரு பெட்டி வாங்கினேன். உள்ளே டிரில்லிங் மிஷின், சுத்தியல், குறடு, ஸ்பானர், எண்ணிப் பார்க்கவே நேரம் பிடிக்கும் அளவுக்கு ஆணியும் திருகும். விலை 2,000 ரூபாய்க்கும் குறைவு. முதல் வேலையாக ஹாலில் திரைச்சீலைக் கம்பி மாட்ட ஜன்னலுக்கு மேலே துளையிட்டேன். பூச்சு வெண்ணெய்போல இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு நூல்கூட நகரவில்லை. உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்தினேன். துளையிடும் கம்பியான பிட்டின் முனை நீலம் பாரித்தது, கருகிய வாடை வந்தது, கடைசியில் மிஷினின் காற்றுத் துளை வழியாகப் புகை எழுந்தது. மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது லிண்டல். ஜன்னலுக்கு மேலே எல்லா வீட்டிலும் கான்கிரீட்தான் இருக்கும்." அவருடைய மிஷின் நான்கு துளைகளையும் ஐந்து நிமிடத்தில் முடித்தது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் நாம் போடும் முதல் துளை பெரும்பாலும் திரைச்சீலைக்காகத்தான். அது நேராக லிண்டலில் போய் முட்டுகிறது. அன்றிலிருந்து பிட் வெளியே தள்ளும் தூசியைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பூச்சைத் தாண்டியதும் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பலாக வந்து, துளையும் இறங்க மறுத்தால் கான்கிரீட். வெளுத்த மாவுபோலக் கொட்டி, பிட் தானாக உள்ளே போனால் இப்போது பரவலாகக் கட்டப்படும் எடை குறைந்த ஏஏசி பிளாக். புதிய அடுக்ககங்கள் சிலவற்றில் அலுமினியப் பலகை அடைத்துச் சுவர் முழுவதையுமே கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள். மைவான் கட்டுமானம் என்பார்கள். உங்கள் வீடு அப்படியா என்று கட்டியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எதை வாங்குவது என்பதில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

கடையில் "சுத்தியல் வசதி உண்டு" என்று சொல்லி விற்கும் மிஷின்கள் இரண்டு வகை. வெளியே பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு வேறு. முதல் வகை இம்பாக்ட் டிரில். பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் பிட் அதிர்கிறது. நிமிடத்துக்கு 40,000 அடிக்கு மேல் விழும், ஆனால் ஒவ்வொன்றும் விரலால் சுண்டுவதுபோலத்தான். நாம் அழுத்தினால்தான் அதற்கு வலு. இரண்டாவது ரோட்டரி ஹேமர். இதில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்க, அந்தக் காற்று ஓர் இரும்புக் குண்டைத் தள்ளி பிட்டின் பின்பக்கத்தில் அறைகிறது. நிமிடத்துக்கு ஐயாயிரம் அடிகூட வராது, ஆனால் ஒவ்வொன்றும் சுமார் இரண்டு ஜூல் ஆற்றலோடு இறங்கும். இதற்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை. லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். நான் அன்று அழுத்திய அழுத்தத்தில் பாதியைக் கொடுத்திருந்தால்கூட இந்த மிஷின் கோபித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே செங்கல் சுவர் வீடு என்றால் 13 மில்லிமீட்டர் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ள, 600 வாட் அளவிலான இம்பாக்ட் டிரில் தாராளம். விசையை அழுத்துவதற்கேற்ப வேகம் மாற வேண்டும், பின்பக்கமாகவும் சுழல வேண்டும். லிண்டலில் நான்கைந்து துளைகள் மட்டும்தான் என்றால் நல்ல பிட் போட்டுப் பொறுமையாக, நடுநடுவே ஆறவிட்டு, அதிலேயே போட்டுவிடலாம். சுவரெல்லாம் கான்கிரீட் என்றால் இம்பாக்ட் டிரில்லில் காசைக் கரைக்காமல் நேராக இரண்டு கிலோ எடையுள்ள ரோட்டரி ஹேமருக்குப் போங்கள். அதற்கு எஸ்டிஎஸ் என்ற தனி வகைப் பிட் வேண்டும். மரத்திலும் இரும்பிலும் துளையிடத் தனி சக் மாட்ட வேண்டியிருக்கும், அதிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஏஏசி பிளாக் என்றால் சுத்தியல் விசையை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் போடுங்கள், இல்லையென்றால் துளை பெரிதாகி, திருகைப் பிடிக்க உள்ளே செருகும் ரவல் பிளக் கையோடு வந்துவிடும்.

நம்பகம் என்பதை எப்படி அளப்பது? இணையத்தில் கிடைக்கும் நட்சத்திரங்களை நான் நம்புவதில்லை. வாங்கி இரண்டு நாளில் நட்சத்திரம் கொடுப்பவருக்கு இரண்டு வருடம் கழித்து என்ன ஆகும் என்று எப்படித் தெரியும்? உங்கள் ஊரில் மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் கடை ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே போய், "எந்த மிஷினுக்கு ஆர்மேச்சரும் சுவிட்சும் உடனே கிடைக்கும்?" என்று கேளுங்கள். எங்கள் பகுதிக் கடைக்காரர் என் புகைந்த மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு உதிரி பாகம் இல்லை சார், பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றார். அவர் மேசையில் பிரித்துக் கிடந்தவை எல்லாம் பெயர்பெற்ற மிஷின்கள். அவையும் பழுதாகத்தான் செய்கின்றன. ஆனால் திரும்பவும் ஓடுகின்றன.

இந்த மோட்டார்களில் முதலில் தேய்வது கார்பன் பிரஷ். சின்னக் கரித்துண்டுதான், விலையும் அற்பம். சில மிஷின்களில் உடலின் இரு பக்கமும் காசு அளவில் மூடி இருக்கும். திருகித் திறந்து நாமே மாற்றிவிடலாம். உள்ளே பொறி அதிகமாகத் தெறித்தாலோ விட்டு விட்டு ஓடினாலோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மிஷினே செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிளக்கில் இரண்டே முனை இருக்கிறதே, எர்த் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் இரட்டைக் காப்பு உள்ள கருவி. அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் வீட்டு மெயின் போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால், டிரில்லுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள்.

பேட்டரி ஸ்குரூடிரைவர் ஆசை உங்களுக்கும் வரும். 18 வோல்ட், 20 வோல்ட் என்று எழுதியிருப்பவை ஒன்றேதான். இரண்டிலும் ஐந்து லித்தியம் செல்கள். ஒருவர் சராசரி மின்னழுத்தத்தைச் சொல்கிறார், இன்னொருவர் சார்ஜ் நிறைந்தபோது உள்ளதைச் சொல்கிறார். அதே அளவு பேட்டரியில் 48 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அலமாரி, கட்டில் திருகுகளுக்கு 12 வோல்ட்டே மிஞ்சும்.

வட்டைச் சுழற்றி இரும்பை அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் மட்டும் இப்போது வேண்டாம். நான்கு அங்குல மிஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். ஏழு அங்குல வட்டு தாங்குவது 8,500 சுற்றுதான். காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டை இதில் மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வட்டின் நடு வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. எப்போதாவது கம்பி அறுக்க வேண்டியிருந்தால் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு ரசமட்டம், கண்ணைக் காக்கும் கண்ணாடி, 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குங்கள். சுருட்டி வைக்கும் வகை என்றால் ஒயரை முழுவதும் விரித்த பிறகே ஓட்ட வேண்டும், சுருளாக இருந்தால் சூடேறும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் குழாய்க்கு நேர் மேலேயும் துளை போடாதீர்கள். ஒயரும் பைப்பும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஏறும்.

இனி கம்பெனி. போஷ், மகிதா, டிவால்ட், ஹைகோகி (2018 வரை ஹிட்டாச்சி என்ற பெயரில் வந்தது) ஆகிய நான்கில் எதை வாங்கினாலும் பெரிய ஏமாற்றம் இருக்காது. போஷில் நீல நிறம் தொழில்முறைக்கு, பச்சை வீட்டு உபயோகத்துக்கு. நான் நீலத்தையே வாங்கினேன், காரணம் வைண்டிங் கடைக்காரர் அதற்கு உதிரி பாகம் அடுக்கி வைத்திருந்தார். சென்னையில் இருந்தால் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி, கையில் பிடித்துப் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். இந்தப் பெயர்களில் போலிகளும் உலவுவதால் பில்லில் மிஷினின் வரிசை எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படியே 6 மில்லிமீட்டர் கான்கிரீட் பிட் இரண்டாக வாங்கிவிடுங்கள். ஒன்று உங்கள் லிண்டலுக்கே போய்விடும்.