உள்ளூர் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையில் இருக்கும் தம்பி

வணக்கம். திருட்டு வழக்கில் பிணை கிடைத்து மூன்று வாரங்கள் ஆகியும், தாராவியில் ஜாமீன்தாரர் அமையாததாலும், திருநெல்வேலிச் சித்தப்பாவை ஏற்க மறுத்ததாலும் தம்பி சிறையிலேயே இருப்பதாக எழுதியிருந்தீர்கள்.

வெளியூர்க்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுப்பது தவறு என்று மோதி ராம் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் கூறிவிட்டார். நடைமுறைதான் இன்னும் மாறவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, பிணை கிடைத்த ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளிவராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் அந்த உத்தரவு பரிந்துரைக்கிறது.

அதுவரை காத்திராமல், அந்த ஆணைக்குழுவை நீங்களே அணுகுங்கள் (உதவி எண் 15100). காவலில் இருப்பவருக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம். ஜாமீன்தாரரைத் தேடும் வரை தற்காலிகமாக ரொக்கம் கட்ட அனுமதி கோரி அவர் மூலம் மனு அளியுங்கள். மும்பை நீதிமன்றங்களில் இது வழக்கமான கோரிக்கைதான். தொகை மிகையென்றால், குறைக்கக் கோரி செஷன்ஸ் நீதிமன்றத்தை நாடலாம். பணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பதாக நீதிமன்ற வாசலில் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள்; ஆவணம் போலியானால் கிடைத்த பிணையும் போய்விடக்கூடும்.