பூங்கா எங்கே என்று முதலில் பாருங்கள்: மனை, அப்ரூவல் கேள்வி பதில்

நகரமைப்பு அலுவலகம் ஒன்றில் வரைவாளராகச் சேர்ந்து, 31 வருடம் அடுத்தவர் மனையை வரைந்தே தலை நரைத்தவன் நான். ஒரு நிலத்தில் என்ன கட்டலாம், அனுமதி யார் தர வேண்டும், இவை மட்டும் கேளுங்கள். பாகப்பிரிவினை, வாரிசுச் சண்டைக்கு வக்கீல் இருக்கிறார்.

திருவள்ளூர் வாசகர்: பஞ்சாயத்து அப்ரூவல் மனை, விலை பாதிதான். வாங்கலாமா?

விலை ஏன் பாதி என்று யோசித்தீர்களா? நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் லேஅவுட்டுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. சென்னைப் பெருநகர் எல்லைக்குள் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அவர்கள் தரும் ஒப்புதல் எண் வந்த பிறகுதான் ஊராட்சியின் கையெழுத்துக்கு மதிப்பு. தலைவர் தனியாகப் போட்ட சீல் மனையை அப்ரூவல் மனையாக்காது. இப்படி விற்ற மனைகள் பெருகிப் போய்த்தான் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவையே நிறுத்தியது. அடுத்த ஆண்டு, அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. அவை உங்கள் மனைக்குப் பொருந்துமா என்று அறிய, 20.10.2016-க்கு முன் மனையாகப் பதிவானதா என்று பழைய பத்திரத்தில் தேதி பாருங்கள். இல்லையென்றால் கையை உதறிவிட்டு வந்துவிடுங்கள்.

தாம்பரம் வாசகர்: பட்டா என் பெயரில் இருக்கிறது. அப்புறம் என்ன அனுமதி?

பட்டா, நிலம் உங்களுடையது என்று வருவாய்த் துறை சொல்வது. அதில் என்ன கட்டலாம் என்று சொல்வது முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். சர்வே எண்ணை வைத்து நில உபயோகம் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

செங்குன்றம் வாசகர்: சொந்த நிலத்தில் அடுக்குமாடி கட்டக் கூடாது என்கிறார்கள். இது என்ன நியாயம்?

உங்கள் பக்கம் பெய்யும் மழை புழல் ஏரிக்குப் போகிறது, ஏரித் தண்ணீர் சென்னை குடிக்கப் போகிறது. அதனால் 2008-ல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் ஏரியின் நீர்ப்பிடிப்பைத் தனிப் பகுதியாகவே பிரித்துக் கட்டுப்பாடு வைத்தது. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நிலத்தடி நீரூறும் மணல் பகுதி என்று ஒன்று உண்டு. அங்கே மணல்தான் தொட்டி. அதன் மேல் கான்கிரீட் போட்டு மூடிவிட்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கலாம். உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரைபடத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அரக்கோணம் வாசகர்: எங்கள் ஊரும் சென்னைப் பெருநகருக்குள் வந்துவிட்டதாமே, விலை ஏறுமா?

2022-ல் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது உண்மை. விலைக்கு ஜோசியர் வேறு.

ஊரப்பாக்கம் வாசகர்: எங்கள் லேஅவுட்டின் பூங்கா இடத்தில் பிள்ளையார் கோயில் கட்டச் சங்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

யாரும் தர முடியாது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில், சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்கா போன்ற திறந்தவெளிக்கு. 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதைத் தாண்டினால் இடமேதான், தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பின் அது புரமோட்டருடையதும் இல்லை, சங்கத்துடையதும் இல்லை.

மறைமலைநகர் வாசகர், இதற்கு மறுப்பு: சாமிக்கு இடம் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? பூங்கா என்று விட்டு வைத்தால் வேலிக்காத்தானும் பாம்பும்தான் வளர்கிறது.

பாம்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. துருப்பிடித்த பலகை, அதன் கீழே உடைந்த சறுக்குமரம், பக்கத்தில் கட்டட இடிபாடு. நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு மனு போடுங்கள், வார்டு உறுப்பினரை நச்சரியுங்கள். சாமி என்று நீங்கள் தொடங்கினால், அடுத்த தெருக்காரர் நூலகம் என்பார், இன்னொருவர் மருத்துவமனை என்பார். எல்லாம் நல்ல காரியம்தான். பெங்களூரு ராஜாஜி நகரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொல்லிவிட்டது.

ஊரப்பாக்கம் வாசகர் மீண்டும்: அடித்தளம் போட்டாகிவிட்டது ஐயா.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வேலையை நிறுத்துங்கள். சங்கத்தில் ஒருவர் வழக்குப் போட்டால் போதும், மொத்தச் செலவும் மண்.

ஓசூர் வாசகர்: பஞ்சாயத்து அப்ரூவல் மனை வாங்கலாமா?

முதல் பதில்.

சேலம் வாசகர்: தலைவர் சீல் இருந்தால் போதும் என்று தரகர் சொல்கிறார்...

முதல் பதில். தரகரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

மதுரை வாசகர்: சின்ன வீட்டுக்கு அலையாமல் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்குமாமே?

கிடைக்கும். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட, விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே தரும் சுயசான்று போதும். மனை அப்ரூவல் ஆனதாகவோ வரன்முறை ஆனதாகவோ இருக்க வேண்டும். பக்க இடைவெளியில் பொய் சொல்லாதீர்கள், கையெழுத்து உங்களுடையது.

காஞ்சிபுரம் வாசகர்: அப்ரூவல் எண் சொன்னார்கள், வழவழத் தாளில் கலர் வரைபடமும் கொடுத்தார்கள். அது போதாதா?

போதாது. ஒருமுறை அப்படி ஒரு கலர்த் தாளை அலுவலகத்துக்கு எடுத்து வந்தார் ஒருவர். மேசையில் எங்கள் முத்திரை போட்ட நகலைப் பக்கத்தில் விரித்தேன். எங்களுடையதில் நான் பச்சைப் பென்சிலால் கோடிட்ட பூங்கா. அவருடையதில் அதே இடத்தில் ஆறு மனைகள். அவர் முன்பணம் கொடுத்திருந்தது அதில் நான்காவதற்கு. முத்திரை நகலை அலுவலகத்திலேயே கேட்டு வாங்குங்கள், பூங்கா எங்கே என்று விரல் வைத்துப் பாருங்கள், அப்புறம் முன்பணம்.